சாரமில்ல

குலசேகரத்துக்குக் கிழக்கே
முன்னூற்றுப் பன்னிரண்டு ரப்பர் மரம் என் கணக்கில்.
மூன்று மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டினால்
வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்கணும்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு.
அது மரத்துக்கு.
எனக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை.

தம்பி ஜெனிஷ் பைக்கின் தவணை என்றான்.
சாரமில்ல, வச்சுக்கோ.
அசன விருந்தன்று பாத்திரம் கழுவ ஆள் வரவில்லை.
சாரமில்ல, நான் நிக்கேன்.
விஜிலா இரவு பதினொன்றுக்குப் போன் போடுவாள்:
புருஷன், மாமியார், கத்தார், திரும்பவும் புருஷன்.
ஒன்றரைக்கு, "உனக்க உறக்கம் கெட்டுச்சோ?" என்பாள்.
சாரமில்ல.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை.
தும்மல் மாதிரி வரும்.
பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் அதே சொல்,
கடன் வாங்கி மறந்தவளுக்கும் அதே சொல்.

ஆவணியில் ஒருநாள்
கிணற்றோரத்து மரத்தில் கத்தி வைத்தேன்.
பால் வரவில்லை.
இன்னும் கொஞ்சம் சீவினேன்.
உள்ளே தவிட்டு நிறத்தில் உலர்ந்து கிடந்தது.
காலிச் சிரட்டையில் ஒரு எறும்பு
சுற்றிச் சுற்றி வந்தது.

பகலில் போய் மற்ற மரங்களையும் தடவிப் பார்த்தேன்.
பல இடத்தில் கத்தி தடியைத் தொட்டிருந்தது.
ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம்.
அந்த ஒரு நூல் என் கண்ணுக்குத் தெரியாமல் போய்
மூன்று வருஷம்.
கண்ணாடிக்கென்று எடுத்து வைத்த பணம்
மூன்று தடவையும் வேறு வீட்டுக்கு நடந்து போனது.

மரத்தடியில் நின்று வாய்விட்டுச் சொன்னேன்,
"சாரமில்ல."
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.
இத்தனை வருஷமும்
உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்று இரவு பதினொன்றுக்கு விஜிலா.
"இப்பம் முடியாதுட்டி. காலைல வெட்டு உண்டு.
ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல வா."
கெட்ட வார்த்தை சொன்னதுபோல் நாக்கு உலர்ந்தது.
அவள் சரி என்றுகூடச் சொல்லவில்லை.
வைத்துவிட்டாள்.

நிம்மதியாக உறங்கினேன் என்று நினைக்காதீர்கள்.
ஷீட்டின் மேல் விடிய விடிய மழை.
போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

ஜெனிஷுக்கும் இல்லை என்றேன், அடுத்த தவணைக்கு.
இன்றைக்கும் பாதிதான் பேசுகிறான்.
அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று ஞாயிறு போனது.
நாலாவதில், நாலேகாலுக்கு,
அவித்த மரச்சீனியோடு படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
"எந்த ஞாயிறுன்னு நீ சொல்லல்லியே."
கிழங்கைத் தின்றோம்.
காந்தாரி மிளகில் இருவருக்கும் கண் நிறைந்தது.
நல்ல வசதி, யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு, பதினாறு வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக,
நான் அவளிடம் ஒன்று கேட்டேன்:
"மார்த்தாண்டம் வரை கூட வருவியா?
கண்ணு பாக்கணும். தனியே போக பேடியா இருக்கு."

அவள் கை கிழங்கில் அப்படியே நின்றது.
"உனக்குப் பேடி உண்டுமா?
என்கிட்ட ஒருநாளும் ஒண்ணும் கேட்டதில்லியே நீ.
உனக்கு நான் வேண்டாம்னுல்லா
நினைச்சிட்டு இருந்தேன்."

கொடுத்துக்கொண்டே இருந்தவள்
கதவைத் திறந்து வைத்திருந்ததாக நினைத்தேன்.
அவளுக்கு உள்ளே வர வழியே இல்லாதிருந்திருக்கிறது.

மேம்பாலத்துக்குக் கீழே அந்தக் கடை.
அவள் சிவப்புச் சட்டம் எடுத்து நீட்டினாள்.
எனக்குக் கறுப்புதான் பிடித்தது, கறுப்பே வாங்கினேன்.
திருவட்டாறு வரும்வரை முகம் தூக்கி இருந்தாள்.
அப்புறம் என் தோளில் உறங்கிப்போனாள்.

இப்போது மூன்று மணிப் பனியில்
கண்ணாடி மூடிக்கொள்கிறது. துடைக்கிறேன்.
அந்த ஒரு நூல் தெரிகிறது.
கத்தி அங்கே நிற்கிறது.

கிணற்றோரத்து மரத்துக்கு இந்த வருஷம் வெட்டில்லை.
அதன் சிரட்டையை
கவிழ்த்து வைத்திருக்கிறேன்.